அண்ணனுக்கு, மெழுகுவர்த்தி ஏற்றிய ராத்திரியில்

அண்ணா,

இன்று டிசம்பர் 24. இங்கே அயர்லாந்தில், கார்க் நகரத்தில், நாலரைக்கே இருட்டிவிட்டது. தெருவில் ஜன்னலுக்கு ஜன்னல் மெழுகுவர்த்தி எரிகிறது. இடம் கிடைக்காமல் அலைந்த மரியாளுக்கும் யோசேப்புக்கும் இந்த வீட்டில் இடமுண்டு என்று அர்த்தமாம். நானும் ஒன்று ஏற்றிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கு விஸ்கி ஊற்றிக் கொடுத்தது யார் என்று அவர் அடக்கத்தன்று நீ கேட்டாய். மூன்று வருடமாகப் பதில் சொல்லவில்லை.

அவர் இங்கே என்னிடம் வந்திருந்தபோது ஊற்றியது நான்தான். கேட்டது அப்பா. இல்லை, வாய்விட்டுக் கேட்கவில்லை. ரெட்பிரெஸ்ட் விஸ்கி பாட்டிலை எடுத்து அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே வாழ்த்தட்டைகளில் எல்லாம் உட்கார்ந்திருக்கும் நெஞ்சு சிவந்த குருவி அது.

முந்தின வாரம்தான் மிடில்டன் ஊரிலுள்ள பழைய விஸ்கி வடிசாலைக்குக் கூட்டிப்போயிருந்தேன். 1975-இல் பக்கத்திலேயே புதியது வந்தபின் பழையது வேலை செய்வதில்லை. 1,40,000 லிட்டருக்கு மேல் கொள்ளும் செம்புக் கலனை அண்ணாந்து பார்த்து, "இதுக்குள்ள நம்ம அடுக்களை அடங்கிரும்" என்றார். முளைகட்டிய பார்லிக்கு 1785-இல் வரி போட்டார்கள், வரியை மிச்சம்பிடிக்க முளைகட்டாததையும் சேர்த்துக் காய்ச்சினார்கள், இந்த விஸ்கியின் காரமும் எண்ணெய்ப்பசையும் அப்படித்தான் வந்தது என்றேன். சரித்திர வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்? வீடு வரும்வரை அதே பேச்சு.

நான் ஊற்றியது ஒரு விரற்கடைகூட இல்லை. அவரே தேக்கரண்டியால் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டார். முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "மக்ளே, இது உனக்க அம்மைக்க கேக்கு ஜாடி வாசம்லா?"

ஷெர்ரி இருந்த பீப்பாயிலும் சேர்த்து 12 வருடம் கிடந்ததில் வரும் உலர்திராட்சை வாசனை அப்பா, என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அம்மா கேக்குக்கான பழத்தை ஆரஞ்சுச் சாற்றில்தானே ஊறப்போடுவாள்! ஆனாலும் அவருக்கு அந்த ஜாடியேதான். அம்மா போனபின் அவள் பேச்சையே எடுக்காத மனுஷன், அன்றைக்கு அந்த ஒரு மடக்கை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா எழுதிய கடிதத்தைப் பற்றிக்கூட.

உன் வீட்டில் ஆறு வருடம் இருந்தார். உன்னிடம் ஒரு தடவையாவது அப்படிப் பேசினாரா? பேச விட்டாயா?

கோபப்படாதே. ராத்திரி மூன்று தடவை எழுந்து அவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனது நீ. நான் வருடத்துக்கு இரண்டு வாரம் வந்துபோன மகள். சர்க்கரை உள்ளவருக்குக் கொடுத்திருக்கக் கூடாது, நர்ஸான எனக்கு அது தெரியும். அதற்கு மன்னித்துக்கொள். உன்னிடம் மறைத்ததற்கும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அதே பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மூன்று வருடமாகத் தொடவில்லை. இன்றைக்குக் குடிக்கப்போகிறேன், அவர் குடித்த கண்ணாடி டம்ளரில், நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு.

அம்மாவின் கேக்கு ஜாடி உன் வீட்டுப் பரணில்தான் கிடக்கும். மூடி உடைந்திருந்தாலும் பரவாயில்லை, தூக்கிப் போட்டுவிடாதே. வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.