தண்ணீர் ஏறுவதற்கு முன் படம்பிடிக்க வேண்டும், உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஜோகன்னஸ்பர்க்கில் நம் வீட்டுக் குழாய்க்கு வால் ஆற்றுத் தண்ணீர் வருகிறது, அந்த ஆற்றுக்குப் பக்கத்து மலைநாடான லெசோத்தோவின் மலையைக் குடைந்து சுரங்கம் வழியாகத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். 1986இல் இரண்டு நாடுகளும் போட்ட ஒப்பந்தம். முதலில் காட்சே அணை, 185 மீட்டர் உயரம், அப்புறம் மொஹாலே, இப்போது மொகோட்லாங் பக்கம் பொலிஹாலி அணை கட்டுகிறார்கள். 1998 முதல் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறோம், ஆனால் அந்தப் பள்ளத்தாக்குகளில் உழுதுகொண்டிருந்த பசோத்தோ மக்கள், அதாவது லெசோத்தோக்காரர்கள், என்ன ஆனார்கள் என்று கேட்டதில்லை. அதைக் கேட்கத்தான் இந்த ஆவணப்படம்.

போன செப்டம்பரில் குழுவில் நாலு பேர் காட்சே வரை போனோம். போர்வை போர்த்திய ஒரு பெரியவர் கைத்தடியை நீட்டி, ஏரி நடுவில் ஓர் இடத்தைக் காட்டி, அங்கேதான் எங்கள் களம் என்றார். பிறகு தடியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, அது பூசணி போட்ட இடம் என்றார். போன நிலத்துக்கு ஈடாக 50 வருடத்துக்கு மக்காச்சோளமும் பயறும் தருவதாக ஏற்பாடு. மூட்டையில் வருவது காய்ந்த மணிதானே, கதிரை ஒடித்து அங்கேயே சுட்டுத் தின்ற ருசி பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது என்றார் அவர் மனைவி. கல்லறைகளைக்கூடத் தோண்டி இடம் மாற்றியிருக்கிறார்கள். மொஹாலே ஆட்கள் பலர் மலையை விட்டிறங்கித் தலைநகர் மசேரு பக்கம் குடியேற வேண்டி வந்தது. மாடு மேய்த்தவர் நகரத்து ஓரத்தில் என்ன செய்வார்?

நிறவெறி ஆட்சியில் நம் ஆட்கள் ஜோகன்னஸ்பர்க்கின் பேஜ்வியூவிலிருந்து ஊருக்கு வெளியே லெனேசியாவுக்குச் சாமானோடு துரத்தப்பட்ட கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாமல் போகாது.

பொலிஹாலியில் வேலை நடக்கிறது. அங்கே தண்ணீர் ஏறிவிட்டால் காட்ட எதுவும் இருக்காது, அதனால் வரும் ஏப்ரலிலேயே போக வேண்டும். ஜூனில் பனி விழுந்தால் பாதை அடைபட்டுவிடும். தேவை 90,000 ராண்ட். கேமரா இருக்கிறது, அதற்கு ஒரு சென்ட்கூட எடுக்க மாட்டோம். மலைப்பாதைக்கான வண்டி வாடகை, பெட்ரோல், அவர்கள் மொழியான செசோத்தோ பேசும் துணையாளருக்குச் சம்பளம், இவைதான் செலவு. காசு கொடுத்து யாரையும் பேசவைக்கப் போவதில்லை, ஆனால் அவர்கள் வீட்டில் தங்கிச் சாப்பிட்டால் கொடுத்தாக வேண்டும், அது கணக்கில் தனியாக வரும். படம் முடிந்ததும் முதலில் அந்த ஊர்களில்தான் திரை கட்டிப் போடுவோம், தமிழ் வசனத்தோடு நமக்கு அப்புறம்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரும்போது வாசலில் எங்கள் பொருளாளர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். 50 ராண்ட் ஆனாலும் சரி, ரசீது வாங்காமல் போகாதீர்கள்.