படகின் வாய்தாவையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு, பெரிய சட்ட நிறுவனங்களில் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் புகுந்ததைப் பற்றி வந்த கட்டுரையில், "இனி வக்கீல் குமாஸ்தா தேவைப்பட மாட்டார்" என்று ஒரு வரி. இராமநாதபுரத்தில் இருபத்தாறு வருடமாகக் வழக்குக் கட்டுத் தூக்கும் குமாஸ்தா நான். தேவைப்படாதவன் கடிதத்தையும் தயவுசெய்து படியுங்கள்.

அந்த நிறுவனங்கள் ஆறு நிமிடத்துக்கு ஒரு கணக்காக பில் போடுபவை. ஜூனியர்கள் வாரக்கணக்கில் புரட்டிய ஒப்பந்தங்களை மென்பொருள் ஒரு பொழுதில் படித்துவிட்டால் எந்த மணிக்கு பில் போடுவது என்பது அவர்கள் கவலை. மறுக்கவில்லை. ஆனால் அவை கம்ப்யூட்டரிலேயே பிறந்த ஆங்கிலத் தாள்கள். எங்களிடம் வருவது கையால் எழுதிய பழைய கிரயப் பத்திரம். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் முத்திரை காணாமல் போகும். கலரில் செய்தால் கோப்பு பெருத்து, கோர்ட்டின் இ-ஃபைலிங்கில் (இணையவழித் தாக்கலில்) ஏறாது. 300 டிபிஐ, கிரேஸ்கேல் வைத்து, பக்க எண் சரிபார்த்து ஏற்றினால்தான் கோர்ட்டிலிருந்து ரிட்டர்ன் ஆகாது. 'மேற்படி'க்குப் போட்ட ௸ குறியை எந்த மென்பொருள் ஒழுங்காகப் படிக்கிறது?

நியூயார்க்கில் 2023-இல், மென்பொருள் சொன்ன 6 இல்லாத தீர்ப்புகளை நம்பித் தாக்கல் செய்தவர்களுக்கு 5,000 டாலர் அபராதம். தீர்ப்பு நகல் வாங்கிப் பார்க்க அங்கே குமாஸ்தா தேவைப்படவில்லை போலும்.

வெளிநாட்டு நிறுவனங்கள் நம் கோர்ட்டில் வந்து வாதாடப் போவதாகவும் எழுதிவிட்டீர்கள். 2023 மார்ச்சில், வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் வெளியிட்ட விதிகள் தங்களுக்குத் தெரியாதவையா? அவர்கள் வெளிநாட்டுச் சட்டத்தில் ஆலோசனை சொல்லலாம், சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்தில் நிற்கலாம். கோர்ட் படி ஏற முடியாது.

அது கிடக்கட்டும். எங்கள் பாம்பன், தங்கச்சிமடம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தால் முதல் பக்கம். விடுதலையாகி வந்தால் விமான நிலையத்தில் சால்வையோடு படம். படகு என்ன ஆயிற்று என்று ஒரு நாளாவது போட்டதுண்டா? அதற்கு வழக்கு தனி. இலங்கையில் மன்னாரிலோ ஊர்காவற்துறையிலோ உள்ள கோர்ட்டில் வாய்தா போட்டு, உரிமையாளரை ஆவணங்களோடு நேரில் வரச் சொல்வார்கள். போகாவிட்டால் படகு அரசுடைமை. கெட்டுப்போவது இங்கேதான். படகு கைமாறியிருக்கும், மீன்துறைப் பதிவில் பழையவர் பெயரே கிடக்கும். பதிவில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறொன்று. உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் வாரிசுச் சான்று, அப்புறம் பெயர் மாற்றம். பாஸ்போர்ட்டே எடுக்காதவர்களும் உண்டு. எல்லாம் வாய்தாவுக்குள் முடிய வேண்டும். தேதி தெரிவதே கடைசி நேரத்தில். இந்தக் கட்டைச் சேர்க்கத் தங்கச்சிமடத்துத் திண்ணையில் வந்து உட்காரும் மென்பொருள் இருந்தால் விலாசம் அனுப்புங்கள்.

கேட்பது ஒன்றுதான். கைதுச் செய்தி போடும்போது, படகின் 'டிஎன்-10' (எங்கள் மாவட்டக் குறி) பதிவு எண்ணையும் அடுத்த வாய்தா தேதியையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
இராமநாதபுரம்.