போராடாமல் புறப்பட்டவர்களின் ஊரில்

விசிட்டா, கான்சஸ்
ஆகஸ்ட் மாதம்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்த கையோடு களத்துமேடு வரை நடந்துவிட்டதாகப் பெருமையாக எழுதியிருக்கிறாய். டாக்டர் நடக்கச் சொன்னாரா, நீயாகக் கிளம்பினாயா? தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லையா? கடைமடைக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை என்று பக்கம் பக்கமாகத் திட்டியிருந்ததைப் படித்த பிறகுதான் உனக்கு உடம்பு தேறிவிட்டது என்று நம்பினேன்.

இங்கே எனக்குக் குறையொன்றும் இல்லை. மருமகனுக்கு விமானத் தொழிற்சாலையில் வேலை. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் விமானத் தொழில்தான். பேரனுக்குப் பள்ளி திறக்கப் போகிறது. காலையில் நடை, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மறுபடி நடை. நான் முணுமுணுப்பதைப் பொறுக்காமல்தான் மகள் ஒரு சனிக்கிழமை என்னைக் கெஸல் என்ற ஊருக்கு அழைத்துப் போனாள். அங்கே கதிரடிக்கும் திருவிழாவாம். நாமிருவரும் கல்லூரி விடுதியில் ஆரம்பித்து இன்று வரை முடிக்காமல் வைத்திருக்கிறோமே ஒரு வழக்கு, நின்று போராடுவதா, ஊரை விட்டுப் போவதா என்று, அதற்கு அங்கே ஒரு சாட்சி கிடைத்தது. உன் பக்கத்துச் சாட்சியா, என் பக்கமா என்பதுதான் பிடிபடவில்லை.

நியூட்டன் வரை பெரிய சாலை. அப்புறம் வடக்கே ஒரே நேர்க்கோடு. நிலம் தட்டையாக, கண் போகிற தூரம் வரை சோளமும் சோயாவும். நம்ம சோளம்தான், ஆனால் இடுப்பளவு குட்டை ரகம். கோதுமை ஜூனிலேயே அறுவடையாகிவிட்டது, தாள்தான் நிற்கிறது. ஊர் வருவதற்கு முன்பே தானியம் சேமிக்கும் வெள்ளைக் கோபுரம் தெரிகிறது. ஊரில் மொத்தம் ஐந்நூறு சொச்சம் பேர். ஒரு பள்ளி, ஒரு வங்கி, அகலமான தெருக்கள், பூட்டாத சைக்கிள்கள். நம்மூர்ப் பக்கத்துக் குக்கிராமத்தில்கூட இதைவிடச் சந்தடி இருக்கும்.

மென்னொனைட் கிறிஸ்தவர்களின் ஊர் என்றால் குதிரை வண்டி, கறுப்புத் தொப்பி என்று நினைத்துவிடாதே. அதெல்லாம் ஆமிஷ்காரர்களும் பழைய ஒழுங்கை விடாத மென்னொனைட்டுகளும். இவர்கள் ஜீன்ஸ் போட்டு, பிக்கப் ஓட்டி, செல்போனில் கோதுமை விலை பார்க்கிறவர்கள். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் ஒரே விஷயத்தில்: துப்பாக்கி தூக்க மாட்டோம், பட்டாளத்துக்குப் போக மாட்டோம் என்று இவர்களுடைய முன்னோர்கள் சுமார் ஐந்நூறு வருடமாகச் சொல்லி வந்தார்கள்.

திருவிழா என்றால் பழைய டிராக்டர்களின் ஊர்வலமும் கதிரடிப்பும்தான். டிராக்டரின் சக்கரத்திலிருந்து நீளமான பெல்ட் ஒன்று ஓடி, கதிரடிக்கும் இயந்திரத்தைச் சுற்றுகிறது. ஜூனில் கட்டி வைத்த கோதுமைக் கட்டுகளை இரண்டு பேர் கவைக்கோலால் தூக்கி வாயில் போடுகிறார்கள். ஒருபக்கம் மணி கொட்டுகிறது, இன்னொரு பக்கம் வைக்கோல் வானத்தில் பறக்கிறது. தூசியில் நான் தும்மித் தீர்த்துவிட்டேன். எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பெல்ட்டின் மேல் ஏதோ மெழுகை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வழுக்கினால் கை போய்விடும் என்று பேரப்பிள்ளைகளை விரட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பிடித்தது இயந்திரம் இல்லை, அதற்கு முந்தைய கல். சுண்ணாம்புக் கல்லை உருளையாகச் செதுக்கி, நீளவாக்கில் பற்கள் வெட்டியிருக்கிறார்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் பல்சக்கரம்போல இருக்கும். களத்தில் கதிரைப் பரப்பிக் குதிரையைப் பூட்டி இதை உருட்டுவார்களாம். இவர்களுடைய முன்னோர்கள் ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள். அங்கே இருந்த பழக்கத்தில், கான்சஸ் வந்ததும் முதல் வேலையாக இதைத்தான் வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். சில வருடத்திலேயே இயந்திரம் வந்துவிட, அத்தனை கல்லும் வீணாகப் போயிற்று. ஒரு பல்லின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். தேய்மானமே இல்லை. நேற்று வெட்டியதுபோலக் கூராக இருக்கிறது.

சாப்பாட்டைச் சொல்லாவிட்டால் நீ கோபித்துக்கொள்வாய். வெரெனிக்கே என்று ஒன்று. கோதுமை மாவை வட்டமாகத் தட்டி, உள்ளே தண்ணீர் வடித்த பாலாடைக்கட்டி வைத்து மடித்து வேகவைத்து, மேலே பன்றி இறைச்சி போட்ட வெள்ளைக் குழம்பை ஊற்றுகிறார்கள். உப்பு உண்டு, காரம் கிடையவே கிடையாது. மகள் கைப்பையிலிருந்து ஊறுகாய் எடுத்தாள், நான்தான் தடுத்தேன். ஸ்வீபாக் என்ற பன் அருமை: பெரிய உருண்டையின் மேல் சின்ன உருண்டை ஏறி உட்கார்ந்திருக்கும். இதையே காயக் காய வாட்டி மூட்டை கட்டித்தான் கப்பல் பயணத்துக்கு எடுத்து வந்தார்களாம்.

சரி, வழக்குக்கு வருகிறேன்.

இவர்கள் முதலில் ஹாலந்து பக்கத்தவர்கள். மென்னோ சைமன்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1536இல் தன் சபையை விட்டு வெளியே வந்தார். விவரம் தெரிந்த வயதில்தான் ஞானஸ்நானம், கையில் ஆயுதம் கூடாது என்ற கூட்டம். உதைபட்டு, கொல்லப்பட்டு, மிஞ்சியவர்கள் இன்றைய போலந்தில் உள்ள விஸ்துலா ஆற்றுப் படுகைக்குப் போய்ச் சதுப்பு நிலத்தைக் கரை கட்டி வயலாக்கினார்கள். பிரஷ்ய அரசு அங்கே பட்டாளக் கெடுபிடியைக் கூட்டியதும், இரண்டாம் கேத்தரின் அழைப்பில் தெற்கு ரஷ்யாவுக்கு, அதாவது இன்றைய உக்ரைனுக்குப் போனார்கள். 1821இல் அப்படிப் போன ஒரு கூட்டத்தை வழியில் ஜார் அலெக்சாண்டர் சந்தித்து நலமாக இருங்கள் என்று வாழ்த்தினாராம். அந்த நினைவில் ஊருக்கு அலெக்சாண்டர்வோல் என்று பெயர் வைத்தார்கள். அவருடைய தம்பி மகன் ஆட்சியில் எல்லோரும் பட்டாளத்தில் சேர வேண்டும் என்ற சட்டம் வந்தது. 1874இல் அலெக்சாண்டர்வோல் சபை கிட்டத்தட்ட மொத்தமாக, எண்ணூறு பேர் போல, இரண்டு கப்பல்களில் ஏறிவிட்டது. கெஸலுக்கு வடக்கே ஒரு மைலில் அந்தப் பெயரிலேயே சர்ச் நிற்கிறது.

ஊர்ப் பெயர் மட்டும் இவர்களுடையது இல்லை. தபால் நிலையத்துக்குப் பெயர் கேட்டபோது, 1895 ஜனவரியில் வடகடலில் மூழ்கிய எல்பே என்ற கப்பலோடு போன கேப்டன் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த விபத்தில் தப்பியவர்கள் இருபது பேர்தான். கடல் கண்ணுக்கெட்டாத இடத்தில் ஒரு கேப்டன் பெயரில் ஊர். எனக்கு அது பிடித்திருந்தது.

"போராடாமல் எது கிடைத்தது?" என்பது உன் கட்சி. சங்கக் கொடி பிடித்து அடிபட்டவன் நீ. சொல்ல உரிமை உண்டு. ஊரை விட்டுப் போகிறவன் கோழை என்பாய். நான் எப்போதும் மறுத்திருக்கிறேன், ஆனால் கையில் உதாரணம் இருந்ததில்லை. இப்போது கேள். 1870களில் ரஷ்யாவிலிருந்து கிளம்பிய மென்னொனைட்டுகள் சுமார் 18,000 பேர். அங்கே இருந்த மென்னொனைட்டுகளில் மூன்றில் ஒரு பங்குதான் அது. மீதிப் பேர் இருந்துவிட்டார்கள். போக விடாமல் தடுக்க ஜார் ஒரு ஜெனரலையே அனுப்பி, பட்டாளத்துக்குப் பதில் காடு வளர்க்கும் வேலை செய்தால் போதும் என்று சமரசம் பேசவைத்தார். நல்ல நிலம், நல்ல வீடு, யாருக்குத்தான் மனம் வரும்? ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு உள்நாட்டுச் சண்டையில் மாக்னோ என்ற கலகத் தலைவனின் படைகள் இவர்களுடைய கிராமங்களில் புகுந்து வெட்டின. அப்போது இருந்தவர்களில் பலர், நூற்றாண்டுக் கொள்கையை மீறித் துப்பாக்கியைக் கையில் எடுத்தார்கள். 1918இல் தற்காப்புப் படை என்று ஒன்றே அமைத்தார்கள். காப்பாற்றியதா? இல்லை. ஆயுதம் எடுத்ததால் எதிராளிக்கு இன்னும் வெறி ஏறியது என்று அவர்களே பிற்பாடு எழுதினார்கள். கொலை, டைபஸ் காய்ச்சல், அப்புறம் பஞ்சம். போனவர்களின் பிள்ளைகள் 1920இல் இங்கே ஒரு நிவாரணக் குழு ஆரம்பித்து இருந்தவர்களுக்குச் சாப்பாடு அனுப்பினார்கள். அந்தக் குழுதான் 1940களில் வங்காளப் பஞ்சத்துக்கும் வந்தது, தெரியுமா? இவர்கள் சேர்ந்திருந்த ஜெனரல் கான்ஃபரன்ஸ் என்ற மென்னொனைட் பிரிவு அனுப்பிய பி. ஏ. பென்னர், சத்தீஸ்கரில் உள்ள சாம்பாவில் 1902இல் தொழுநோயாளிகளுக்கு இல்லம் தொடங்கியவர்.

இதுவரை என் கட்சிக்கு வெற்றி என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, அந்தக் காலத்துக் குடியேறிகளின் விடுதிபோலவே கட்டியிருக்கும் மியூசியக் கட்டிடத்துக்குள் போனேன். வெயிலுக்கு ஒதுங்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள். வந்து இறங்கியவர்கள் குளிர்காலத்தைத் தள்ள, சாண்டா ஃபே ரயில் கம்பெனி நீண்ட கொட்டகைகள் கட்டிக் கொடுத்திருந்தது. ஏன் இவ்வளவு அன்பு? பாதைக்கு இருபக்கமும் அரசாங்கம் கம்பெனிக்கு அள்ளிக் கொடுத்த நிலம் கான்சஸில் மட்டும் சுமார் 30 லட்சம் ஏக்கர். அதை விற்க ஆள் வேண்டும். ரயிலில் ஏற்றத் தானியம் விளைய வேண்டும். அதற்கென்றே ஏஜெண்டு வைத்து ஆள் பிடித்தார்கள். ஆனால் நிலம் எப்படிக் காலியானது? மாநிலத்துக்கே பெயர் கொடுத்த கான்சா மக்களை, கெஸலுக்கு வடகிழக்கே கவுன்சில் குரோவ் பக்கம் கடைசியாக மிச்சமிருந்த நிலத்திலிருந்தும் 1873இல் ஓக்லஹாமாவுக்கு விரட்டிவிட்டார்கள். அடுத்த வருடம் துப்பாக்கி தொடாத இவர்கள் வந்து இறங்குகிறார்கள். தெற்கு ரஷ்யாவிலும் இதே கதைதான், அங்கே நோகாய் நாடோடிகள். இவர்கள் கையில் ரத்தமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் இவர்களுக்கு முன்னால் வேறு யாரோ துப்பாக்கியோடு போய் இடத்தைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார்கள். போவதற்கு இடம் இருந்தால்தானே போக முடியும்? உன் சங்கத்துக் கூலியாட்கள் எங்கே போவார்கள்? இதைத்தான் நீ கேட்பாய். கேள், என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஒன்று மட்டும் சொல்வேன். போக இடமில்லாதபோதும் இவர்களில் சிலர் நின்று காட்டியிருக்கிறார்கள். நியூட்டனுக்கு மேற்கே பர்ட்டன் என்ற சிற்றூர். 1918 நவம்பர் 11, போர் முடிந்த நாள். யுத்தக் கடன் பத்திரம் வாங்க மறுத்த ஜான் ஷ்ராக் என்ற விவசாயியை ஒரு கும்பல் வீட்டிலிருந்து இழுத்து வந்து, உடம்பெல்லாம் மஞ்சள் பெயிண்டைப் பூசியது. தூக்கில் போடவே துணிந்துவிட்டார்கள். ஒருவர் குறுக்கே புகுந்து அவரைச் சிறையில் பூட்டிக் காப்பாற்றினார். கொடியை அவமதித்தார் என்று ஷ்ராக் மீதே வழக்கு. குற்றமில்லை என்று விடுதலையானார். இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போக மறுத்தவர்களை மனநல மருத்துவமனைகளுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே நோயாளிகளை நடத்திய விதத்தைப் பார்த்துவிட்டு வந்து, பிறகு மென்னொனைட்டுகள் சொந்தமாகவே மனநல மருத்துவமனைகள் கட்டினார்கள். ஒன்று நியூட்டனில் 1954இல். இதைப் போராட்டம் என்பாயா, இல்லையா?

உனக்காகவே விதைக் கதையை விசாரித்தேன். டர்க்கி ரெட் என்ற குளிர்காலக் கோதுமை இவர்களோடு வந்தது. செப்டம்பர், அக்டோபரில் விதைத்தால் பனிக்கடியில் கிடந்து, வசந்தத்தில் எழுந்து, வெயிலும் வெட்டுக்கிளியும் வருவதற்குள் அறுவடை முடிந்துவிடும். எட்டு வயதுப் பெண் ஒருத்தி இரண்டரை லட்சம் மணிகளைக் கையால் பொறுக்கிப் பெட்டியில் கட்டி வந்தாள் என்று கதை. அழகான கதை, எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஒரு மாநிலத்துக்கே விதை பெட்டிகளில் வந்திருக்காது. மாவு ஆலை வைத்திருந்த பெர்ன்ஹார்டு வார்க்கெண்டின் 1880களில் மூட்டை மூட்டையாக இறக்குமதி செய்த பிறகுதான் பரவியது. மணி கடினம், பழைய கல் ஆலைக்காரர்கள் அரைக்க மாட்டோம் என்றார்கள். எஃகு உருளை வந்ததும் நிலைமை மாறியது. 1919 வாக்கில் கான்சஸ் கோதுமை நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு இதுதான். அப்புறம் புது ரகங்கள் வந்து இதைத் தள்ளிவிட்டன. உன் மாப்பிள்ளைச் சம்பா மாதிரியே உயரமாக வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்துவிடுமாம். அதன் தாளை முடைந்து, பிலடெல்பியா சுதந்திர மணியை நிஜ அளவில் செய்து 1976இல் வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். இப்போது மியூசியத்தில் தொங்குகிறது. கிட்டே போய்ப் பார்த்தால், தாள்களை ஊறவைத்து முடைந்த அடையாளம் தெரிகிறது. கதிர்கள் அப்படியே மீசையோடு விளிம்பில் நிற்கின்றன.

நீ விதை கொண்டுவா என்று கேட்பாய் என்று தெரியும். கொண்டுவர முடியாது, விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள். தவிர, மன்னார்குடி வெயிலில் பனிக்கு எங்கே போவாய்?

அக்டோபர் கடைசியில் திரும்புகிறேன். டிராக்டர் படங்களை உன் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அந்த மெழுகு விஷயத்தை அவனிடம் கேட்டுச் சொல், நம்மூர் ஆட்களும் பெல்ட்டுக்கு அப்படி ஏதாவது தடவுகிறார்களா என்று. கூலியாட்கள் கேள்விக்கு நீ எழுதப்போகும் பதிலை இரண்டு பக்கத்துக்குள் முடி. எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

அன்புடன்,
ராமு