மாமாவுக்கு, ஆடிப் பதினெட்டன்று

மாமா,

இந்நேரம் பிரஸ்ஸில் சாமி கும்பிட்டு, புதுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியே எடுத்திருப்பீர்கள். ஏஜென்ட்டுகள் வந்து புதுப் படங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். போன வருஷம் வரை தேங்காய் உடைத்தது நான். இந்த வருஷம் வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினேனே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. இனி வரப்போவதில்லை மாமா. கோயம்புத்தூரில் ஒரு டிசைன் ஸ்டுடியோவில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர்கிறேன்.

ஊரே பார்க்கிற இடத்தில் இதை ஏன் எழுத வேண்டும் என்று உங்களுக்குக் கோபம் வரும். தனியாக அனுப்பினால் படித்துவிட்டு மடித்து உள்ளே வைத்துவிடுவீர்கள், அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே வராது. அந்த ராத்திரியைப் பற்றியும் அப்படித்தான் இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லை.

ஐப்பசி மழை. பதினோரு மணி இருக்கும். மாதக் காலண்டர் நாலாயிரம் பிரதி, மறுநாள் மதியம் பார்சல் போயாக வேண்டும். டூ கலர் மெஷினில் ஒவ்வொரு தாளும் இரண்டு முறை உள்ளே போய் வர வேண்டும், காற்றில் இருக்கிற ஈரத்துக்குத் தாள் கொஞ்சம் விரிந்துவிடும் என்பதெல்லாம் நீங்கள் எனக்குப் பத்து வயதிலேயே சொன்னது. ஒரு தாளை உருவி டியூப் லைட்டுக்குக் கீழே விரித்தீர்கள். சட்டைப் பையிலிருந்து மடக்கு லென்ஸை எடுத்து ‘ராகுகாலம்’ என்ற எழுத்தின் மேல் வைத்துவிட்டு, “மாப்ளே, பாரு” என்றீர்கள்.

குனிந்து பார்த்தேன். துணைக்காலுக்கு இடது பக்கம் நீலமாக ஒரு நூல், வலது பக்கம் ரோஸாக ஒரு நூல். நடுவில் கறுப்பு. பொடி எழுத்து அத்தனையும் இரட்டையாகத் தெரிந்தது. அப்புறம் லென்ஸை நகர்த்தி முருகன் கையிலிருந்த வேலின் மேல் வைத்தீர்கள். வேல் சுத்தமாக இருந்தது. திரும்பவும் எழுத்துக்குக் கொண்டுவந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, எனக்குப் புரிந்தது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

எழுத்தை நான் கறுப்பு மைக்கான ஒரே பிளேட்டில், அந்த ஒரே அச்சுத் தகட்டில், விழுகிற மாதிரி அமைக்கவில்லை. கம்ப்யூட்டர் திரைக்கான கறுப்பிலேயே செய்து, கடைசியில் மொத்த ஃபைலையும் நாலு கலருக்கு மாற்றினேன். போட்டோஷாப் அந்த ஒரே கறுப்பை நாலு மைக்கும் சதவீதமாகப் பங்கிட்டு, சையான் என்கிற நீலம் 75, மெஜந்தா என்கிற ரோஸ் 68, யெல்லோ 67, பிளாக் 90 என்று பிரித்துவிட்டது. நாலு பிளேட்டும் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தால்தான் அந்தப் பொடி எழுத்து எழுத்தாக இருக்கும். மழைக்காலத்தில், நம் மெஷினில், அது எப்படி உட்காரும்? திரையில் பார்த்தபோது கறுப்பு கறுப்பாகத்தான் இருந்தது மாமா. அப்போது நான் படித்துக்கொண்டிருந்த பாடங்கள் எல்லாம் திரையோடு முடிந்துவிடும். இதைச் சாக்கு என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

நீங்கள் லென்ஸை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு, “ரிஜிஸ்டர் ஆடுது, பேப்பரைக் கவனிக்க வேண்டாமா” என்று சத்தம் போட்டீர்கள், கலர்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாததற்கு மெஷின்தான் காரணம் என்கிற மாதிரி. மெஷின்மேன் அண்ணன் கையில் துணியோடு நின்றார். இருபது வருஷமாக அந்த மெஷினை ஓட்டியவர், தலையைக் குனிந்துகொண்டார். சனிக்கிழமை சம்பளத்தில் 1,500 ரூபாய் பிடித்தீர்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கு அப்போது 24 வயது, விவரம் தெரியாத பையன் இல்லை.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத உங்கள் மேல் கோபம் வருகிறது. அக்கா மகனைக் காப்பாற்ற அந்த மனிதரை ஏன் குற்றவாளியாக நிறுத்தினீர்கள்? “உன் ஃபைல் தப்புடா” என்று எல்லார் முன்னாலும் ஒரு அறை விட்டிருந்தால், மறுநாளே நான் சரியாகியிருப்பேன். அதை விட்டுவிட்டு, நான் படித்த படிப்பைத்தான் எல்லார் முன்னாலும் குத்திக் காட்டினீர்கள். “அந்தப் படிப்பில் இங்க் வாசனை வருமா மாப்ளே?” என்று கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள். பகல் முழுக்க பிரஸ்ஸில் நின்றுவிட்டு, ராத்திரி மொட்டை மாடியில் போனில் சிக்னல் பிடித்துப் படித்தவன் நான். கோர்செரா என்ற இணையதளத்தில், அமெரிக்காவின் கால்ஆர்ட்ஸ் கலைக் கல்லூரி நடத்திய டிசைன் பாடங்கள். பணம் கட்ட முடியாது என்று ஒவ்வொரு பாடத்துக்கும் விண்ணப்பம் எழுதி, இரண்டு வாரம் காத்திருந்து வாங்கியவை. உங்களிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

வாசனை வரவில்லைதான். வேறு நிறையவும் வரவில்லை. எழுத்துப் பாடம் முழுக்க ஆங்கில எழுத்து. அதில் சொன்ன வரி இடைவெளியைத் தமிழுக்குப் போட்டால் மேல் வரியின் ‘கூ’வும் கீழ் வரியின் ‘கீ’யும் இடித்துக்கொள்ளும். நான் அப்போது வைத்திருந்த போட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்புக்கு மாற்றாவிட்டால் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். அதையெல்லாம் நானே முட்டி மோதித் தெரிந்துகொண்டேன். வரலாற்றுப் பாடத்தில் ஜெர்மனியின் பௌஹவுஸ் டிசைன் பள்ளி வந்தது. கோவில்பட்டி கொண்டைய ராஜு வரவில்லை. நாடகத் திரைச்சீலை வரைந்து, அப்புறம் சாமி படங்கள் வரைந்து, சிவகாசி அச்சில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தவர், 1976-இல் மறைந்தவர். அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன். முகம் தெரியாத மூன்று பேர் படித்து மார்க் போட்டார்கள். அதில் பாதி, காலண்டர் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து நீங்கள் எனக்குச் சொன்ன கதைதான். உங்களிடம் காட்ட வேண்டும் என்று பிரின்ட் எடுத்து வந்தேன். அன்றைக்குத்தான் இங்க் வாசனை பற்றிக் கேட்டீர்கள்.

ஆனாலும் அந்தப் பாடங்களில்தான் முதல் தடவையாக யாரோ என்னிடம் “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டார்கள். நம் பிரஸ்ஸில் போன வருஷப் படத்தில் தேதியை மாற்றினால் போதும். எனக்கு அது போதவில்லை.

வீட்டில் நடந்த இன்னொரு பேச்சைப் பற்றி இங்கே எதுவும் எழுதமாட்டேன். அது இன்னொருவருடைய வாழ்க்கை, அவரும் இதைப் படிக்கக்கூடும். நான் பிரஸ்ஸை விடுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதை எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும்.

ஸ்டுடியோவில் ஒரு அழைப்பிதழ் கொடுத்து, அச்சுக்குத் தயாராக்கித் தரச் சொன்னார்கள். எழுத்தைப் பிளாக் 100-இல் மட்டும் வைத்து, மற்ற கலர்களின் மேலேயே கறுப்பு விழுகிற மாதிரி ஓவர்பிரின்ட் போட்டு, வெட்டும்போது வெள்ளை தெரியாமல் இருக்க ஓரத்தில் 3 மி.மீ. ப்ளீட் விட்டுக் கொடுத்தேன். ஆன்லைனில் படித்தவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். எங்கள் மாமா பிரஸ் வைத்திருக்கிறார் என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை.

மெஷின்மேன் அண்ணன் இதைப் படிக்கமாட்டார், அவர் மகள் படிப்பாள். அவள் வாயால் கேட்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். 1,500 ரூபாயைக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அவரைப் பிரஸ்ஸுக்கு வரச் சொல்லுங்கள், நீங்களும் இருங்கள். லென்ஸை எடுத்து வையுங்கள். அந்தத் தாளில் ஒன்று என்னிடம் பத்திரமாக இருக்கிறது.