ஊரைக் கேட்டு ஒரு திட்டம்

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. கொஞ்ச நாளைக்குத் திரை பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லியிருக்க, நீ நகரின் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவைக் கட்டுக்கட்டாக அச்செடுத்து மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாயாம். உன் மகள் போனில் புகார் வாசித்தாள். உன்னைத் திருத்த யாரால் முடியும்! நான் சுகம். ஓய்வு பெற்ற பிறகும் வகுப்பெடுக்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு தெருவில் கால் வைக்காமலே அதன் முப்பரிமாண மாதிரியை அரை நாளில் கட்டி முடித்துவிடுகிறார்கள். பார்க்கக் கண்ணைப் பறிக்கிறது. என்ன, எல்லா மரமும் ஒரே உயரம், யார் முகத்திலும் வியர்வை இல்லை.

சரி, நீ கேட்ட விஷயம். அடுத்த இருபது வருடத் திட்டத்துக்கு மக்கள் கருத்தைத் திரட்டும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது. மூன்று நிறுவனங்கள் வந்து மென்பொருளை ஓட்டிக் காட்டிவிட்டுப் போயிருக்கின்றன. எதை வாங்கலாம் என்கிறாய். எதை வாங்கினாலும் ஓட்டிவிடலாம், வசந்தி. வரைபடத்தில் குறி வைப்பது, படம் ஏற்றுவது, வாக்களிப்பது எல்லாம் இன்று எல்லாரிடமும் இருக்கிறது. நீ மல்லுக்கட்ட வேண்டிய இடம் உன் மேலதிகாரிகளின் அறை. திட்டத்தில் எதெது இன்னும் முடிவாகவில்லை, எதை மக்கள் சொன்னால் மாற்றத் தயார் என்று அவர்களிடம் எழுத்தில் வாங்கு. அந்தத் தாள் கையில் இல்லாமல் இணையதளத்தைத் திறக்காதே. எல்லாம் முடிவான பிறகு கடையைத் திறந்தால் ஆட்சேபணை மனுக்கள்தான் வந்து குவியும். மக்களைக் குறை சொல்லவும் முடியாது, நாம் மிச்சம் வைத்தது அதுதானே.

நாம் நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டங்கள் ஞாபகம் இருக்கிறதா? நில உபயோக வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, குடியிருப்புக்கு மஞ்சள், பூங்காவுக்குப் பச்சை என்று கோலை வைத்து விளக்குவோம். ஒருமுறை ஒரு பெரியவர் வெகுநேரம் வரைபடத்தின் முன்னாலேயே நின்றார். வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். அங்கிருந்து விரலை மெல்ல நகர்த்தி ஒரு மூலையில் நிறுத்தி, "இந்த இடத்துல மழை விட்டு நாலு நாளானாலும் தண்ணி வடியாது. இங்க பள்ளிக்கூடம்னு போட்டிருக்கீங்களே?" என்றார். கூட்டக் குறிப்பில் அது எப்படிப் பதிவானது தெரியுமா? "பங்கேற்பாளர் ஒருவர் வடிகால் வசதி குறித்து ஐயம் எழுப்பினார்." அவர் விரல் நின்ற இடம் போயே போய்விட்டது. மனிதர் கொண்டுவந்ததே அந்த ஒரு இடத்தைத்தான்.

வரைபடத்தில் மக்களே குறி வைக்கும் முறையின் மேல் எனக்கு உள்ள மரியாதை முழுவதும் இதற்காகத்தான். சொன்ன செய்தி சொன்ன இடத்திலேயே தங்குகிறது. கென்யாவின் நைரோபியில் கிபேரா என்ற பெரிய குடிசைப் பகுதி, லட்சக்கணக்கில் மனிதர்கள் வாழ்ந்தும் வரைபடங்களில் வெற்றிடமாகவே கிடந்தது. 2009-ல் அங்கேயே வாழும் இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவிகளோடு சந்து சந்தாக நடந்து, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, மருந்தகம், பள்ளி என்று ஒவ்வொன்றையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் ஏற்றினார்கள். அந்தப் பகுதியின் முதல் திறந்த டிஜிட்டல் வரைபடம் அப்படித்தான் உருவானது. "எங்களுக்குப் பள்ளி வேண்டும்" என்ற மனுவுக்கும், இருக்கிற பள்ளிகள் எங்கெங்கே என்று கையில் பிடித்துக்கொண்டு போய் நிற்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

அதனால் கேள்விகளை நீயே உட்கார்ந்து எழுது. நிறுவனத்துக்காரர்களிடம் விட்டால் "உங்கள் பகுதியில் பூங்கா வேண்டுமா?" என்று கேட்பார்கள். யார் வேண்டாம் என்பார்கள்? பிறகு தொண்ணூறு சதவீத ஆதரவு என்று வட்டப் படம் போட்டுத் தருவார்கள். ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்பதைவிட அவருக்கு என்ன தெரியும் என்று கேள். இருட்டிய பிறகு எந்த வழியைத் தவிர்க்கிறீர்கள்? மழை நாளில் எங்கே சுற்றிக்கொண்டு போகிறீர்கள்? பிள்ளையைத் தனியாக எதுவரை அனுப்புவீர்கள்? இவற்றுக்கு வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தால் போதும், பெரிதாக எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அப்படி வந்த கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நம் போக்குவரத்துக் கணக்கெடுப்பில் ஒருநாளும் சிக்காத நகரம் ஒன்று தெரியும்.

நீ மிகவும் வியந்து எழுதியிருந்த தொடுதிரை மேசையைப் பற்றி. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2016-ல் நடந்ததை நம் ஆட்கள் எல்லாரும் படிக்க வேண்டும். அகதிகள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்த நேரம். அவர்களுக்கான குடியிருப்புகளை எங்கே அமைப்பது? எந்தத் தெருவின் பெயரைச் சொன்னாலும் அந்தத் தெரு கொதிக்கும். அந்த ஊர் ஹாஃபென்சிட்டி பல்கலைக்கழகத்து ஆய்வகம், அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேப் என்ற ஆய்வு மையத்தின் முறையை எடுத்து ஒரு மேசை அமைத்தது. மேலிருந்து புரொஜெக்டர் மேசை மேல் வரைபடத்தைப் பாய்ச்சும். சுற்றி நிற்பவர்கள் கையில் லெகோ கட்டைகள். ஒரு மனையில் கட்டையை வைத்தால் இத்தனை பேருக்கு அங்கே இடம் என்று பொருள். கணினி அதைப் படித்துக் கணக்கை உடனே புதுப்பிக்கும். அந்த மனை யாருடையது, அங்கே என்ன கட்டுப்பாடு என்ற தகவலும் பக்கத்திலேயே.

இதன் சூட்சுமம் எங்கே இருக்கிறது என்று நினைக்கிறாய்? எனக்குப் பட்டது, அந்தக் கட்டையில். "எங்கள் தெருவில் வேண்டாம்" என்பவர் கட்டையைத் தூக்கலாம். ஆனால் தூக்கிய கட்டை கையிலேயே இருக்கிறது, அதை வேறு எங்காவது வைத்தாக வேண்டும். மைக் பிடித்துப் பேசும் கூட்டத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். இங்கே மொத்தக் கணக்கு எல்லார் கண்முன்னாலும் குறைகிறது. எதிரே நிற்கிறவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதன் மறுபாதியையும் கேள். மக்கள் ஏற்றுக்கொண்டு பரிந்துரைத்தவை சுமார் 160 இடங்கள். நகர நிர்வாகம் ஆராய்ந்து தேறியவை 44. கடைசியில் குடியிருப்பு வந்தது ஏறக்குறைய 10 இடங்களில். சிலர் இதைத் தோல்விக் கணக்காகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, பத்தும் கிடைத்ததே பெரிது. ஆனால் தான் கட்டை வைத்த இடம் எந்தக் காரணத்தால் விழுந்தது என்பதை ஒருவர் தெரிந்துகொள்ள வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தமுறை அவர் வரமாட்டார், அக்கம்பக்கத்திலும் போகாதே என்பார்.

இதில் பார்சலோனாவை மிஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம். 2016-ல் டெசிடிம் என்ற தளத்தைத் திறந்தார்கள். மாநகரின் செயல்திட்டத்துக்கு 10,000-க்கும் மேற்பட்ட முன்மொழிவுகள் வந்தன, அவற்றில் ஒரு பங்கு நேரடிக் கூட்டங்களில் பேசி எழுதப்பட்டவை. எந்த முன்மொழிவு ஏற்கப்பட்டது, எது நிராகரிக்கப்பட்டது, ஏன், ஏற்றது எந்தத் திட்டத்தில் சேர்ந்தது, அந்த வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் வசதி அதில் உண்டு. திறந்த மூல மென்பொருள் என்பதால் பிறகு பல நகரங்கள் அதை எடுத்துக்கொண்டன. மென்பொருள் இலவசம்தான், வசந்தி. ஒவ்வொரு முன்மொழிவுக்கும் உட்கார்ந்து பதில் எழுதும் ஆட்கள் இலவசம் இல்லை. உன் பட்ஜெட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் மேசையை விட்டுவிட்டு ஆட்களைக் கேள்.

அடுத்து, யார் வரவில்லை என்பது. போஸ்டனில் 2012 வாக்கில் ஸ்ட்ரீட் பம்ப் என்று ஒரு செயலி. போனைக் காரில் வைத்துக்கொண்டு ஓட்டினால் போதும், குலுங்குவதை வைத்துச் சாலைப் பள்ளம் இருக்கும் இடத்தை அதுவே குறித்துக்கொள்ளும். கேட்கப் பிரமாதம். ஆனால் அப்போது ஸ்மார்ட்போன் வைத்திருந்தவர்கள் யார்? வசதியுள்ளவர்கள், இளைஞர்கள். ஏழைகளும் முதியோரும் வாழும் தெருக்களில் போன் குறைவு, ஆகவே கணக்கில் பள்ளமும் குறைவு. அந்தத் தெருக்கள் வழவழவென்று இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். நிர்வாகத்துக்கு இது உறைத்திருக்கிறது. நகரெங்கும் சமமாகச் சுற்றிவரும் சாலை ஆய்வாளர்களின் வண்டிகளில்தான் முதலில் அதைப் பொருத்தினார்கள். உன் வரைபடத்திலும் குறிகளே விழாத இடங்கள் வரும். அங்கே குறை இல்லை என்று அறிக்கை எழுதிவிடாதே, அங்கே முதலில் ஆள் அனுப்பு. தாளும் பேனாவும் போதும், திரும்பி வந்து நீங்களே ஏற்றிக்கொள்ளலாம். பெண்கள் வேலை முடித்து வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து அனுப்பு.

பின்னூட்டப் பகுதி வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டி. நாலு பேர் அடித்துக்கொள்வார்கள், நானூறு பேர் ஒதுங்கிவிடுவார்கள். தைவானில் 2015-ல் ஊபர் வாடகைக் கார்களை எப்படி ஒழுங்குபடுத்துவது என்ற பிரச்சினைக்கு போலிஸ் என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள் (காவல்துறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெயர் அப்படி). அதில் ஒருவர் ஒரு கருத்தை வாக்கியமாக எழுதலாம். மற்றவர்கள் சம்மதம், மறுப்பு, அல்லது கடந்துபோ என்று அழுத்தலாம். பதில் எழுதும் பொத்தானே கிடையாது! ஒரே மாதிரி வாக்களிப்பவர்களைக் கணினி குழுக்களாகப் பிரித்துக் காட்டும், எதிரெதிர்க் குழுக்களும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வாக்கியம் எது என்றும் காட்டும். ஒரு மேம்பாலத்துக்காக இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருக்கும்போது, நடைபாதை வேண்டும் என்பதில் இருவரும் ஒன்று என்று தெரிந்தால் அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாமே.

உன் பேரன் எந்நேரமும் மைன்கிராஃப்ட் என்ற கட்டை அடுக்கும் கணினி விளையாட்டில் கிடக்கிறான் என்று திட்டுகிறாயே, ஐநா-வின் வாழ்விட அமைப்பு 2012 முதல் அதே விளையாட்டை வைத்துப் பல நாடுகளில் மக்களைத் தங்கள் பொது இடங்களை வடிவமைக்கச் செய்து வருகிறது. வரைபடம் படிக்கத் தெரியாதவர்களும் கட்டை அடுக்கிவிடுகிறார்கள். அவனை உன் திட்டத்தில் சேர்த்துக்கொள்.

ஒப்பந்தத்தில் மட்டும் கண்ணை நன்றாக வை (ஆறிய பிறகுதான்). திரட்டிய தகவல் யாருக்குச் சொந்தம், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், மூலத் தரவை நமக்குத் தருவார்களா என்பது முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கனடாவின் டொராண்டோ ஏரிக்கரையில், கூகுளின் சகோதர நிறுவனமான சைட்வாக் லேப்ஸ் 2017-ல் தொடங்கிய திட்டம் ஞாபகம் இருக்கும். சென்சார் நிறைந்த பேட்டை என்றார்கள். தகவல் யாரிடம் போகும் என்ற கேள்வி ஓயவே இல்லை, தனியுரிமை ஆலோசகராக இருந்தவரே 2018-ல் விலகிக்கொண்டார். 2020 மே மாதம் நிறுவனம் பின்வாங்கியது. கொரோனா காலப் பொருளாதார நிலைதான் அவர்கள் சொன்ன காரணம். இருக்கலாம். ஆனால் சென்சார் நம்மைக் கவனிப்பதையும் மக்கள் பங்கேற்பு என்று சொல்லிக்கொண்டு சில விற்பனையாளர்கள் வருவார்கள், அவர்களிடம் ஏமாறாதே. யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லாத இடத்தில் என்ன பங்கேற்பு?

கேள்விப் பட்டியல் தயாரானதும் எனக்கு அனுப்பு, வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறேன். அவர்களுக்குப் புரியாத கேள்வி யாருக்கும் புரியாது. முப்பரிமாணப் படம் ஏதாவது வேண்டுமானாலும் செய்து தருவார்கள், மரங்களை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன். கடிதத்தை உன் மகளை விட்டுப் படிக்கச் சொல். சொட்டு மருந்தை மறக்காதே.

அன்புடன்,
கல்யாணி