பாப்பா கல்யாணத்துக்குப் போட்டோக்காரர்

திருவண்ணாமலை
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள சேகருக்கு,

பாப்பாவுக்கு நிச்சயம் முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். மண்டபம், சமையல், மேளம் எல்லாம் பேசியாகிவிட்டது, போட்டோ விஷயத்தில் மட்டும் அவள் ‘கேண்டிட்’தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள், அது என்ன எழவு என்று கேட்டிருந்தாய். அந்த எழவுக்குப் போன தை மாதம் 75,000 ரூபாய் கொடுத்தவன் நான். பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. யாரையும் நிற்கவைத்துச் சிரிக்கச் சொல்லாமல், நடப்பதை நடக்கிறபடியே எடுப்பதுதான் கேண்டிட்.

பெரியவள் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? கெட்டிமேளம் கொட்டி, மாப்பிள்ளை தாலி கட்டி முடித்த பிறகு அந்தப் போட்டோக்காரர், “கை மறைச்சிடுச்சு சார், இன்னொரு தடவை கட்டுற மாதிரி வைங்க” என்றார். மாப்பிள்ளையும் வைத்தார். ஆல்பத்தில் இருப்பது அந்த இரண்டாம் தடவைதான். நிஜமாகக் கட்டியபோது என் கண்ணில் பட்டது வீடியோக்காரரின் முதுகும் அவருடைய லைட்டும்தான். பெற்ற அப்பன் நான், அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னவள் கல்யாணத்துக்கு வந்த பையன் யாரையும் “இங்கே பாருங்க” என்று சொல்லவே இல்லை. முந்தின நாள் மாலை நாலு மணிக்கே வந்துவிட்டான். ராத்திரி பந்தி முடியும்வரை அவன் வந்திருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. நாத்தனார் முடிச்சை எடுத்திருக்கிறான் பார், மாப்பிள்ளையின் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது முடிச்சை இறுக்குகிறாள், அவள் நகமெல்லாம் மஞ்சள். சின்னவளின் பின்கழுத்து வியர்வையில் ஒரு ரோஜா இதழ் ஒட்டியிருக்கிறது. கல்யாணப் பெண்ணின் முகமே தெரியாத படம். என் வீட்டுக்காரி ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பது அதைத்தான்.

இது ஒன்றும் இன்றைக்கு முளைத்த வித்தை இல்லையாம். பிரெஞ்சுக்காரர் கார்ட்டியே பிரெஸ்ஸோன் ஒருவர் இருந்தாரே, 1950 ஏப்ரலில் ரமணர் சமாதியடைந்தபோது நம் ஊரில் இருந்து படம் எடுத்தவர், அவர் சின்ன லைகா கேமராவின் பளபளப்புகூடக் கண்ணில் படக்கூடாது என்று கறுப்பு டேப் ஒட்டிவைத்திருப்பாராம். ஃபிளாஷ் என்றாலே ஆகாதாம். நம் பையன்தான் சொன்னான். அவனும் கறுப்புச் சட்டையில்தான் வந்திருந்தான். கல்யாண வீட்டுக்குக் கறுப்பா என்று என் அத்தை முணுமுணுத்தாள், அது வேறு கதை.

சரி, உன் காரியத்துக்கு வருகிறேன். ஆள் பிடிக்கும்போது இன்ஸ்டாகிராமைப் பார்த்து மயங்காதே. அங்கே இருப்பது ஐம்பது கல்யாணத்தில் பொறுக்கியெடுத்த ஐம்பது படம். ஒரே ஒரு கல்யாணத்தை முதலிலிருந்து கடைசிவரை காட்டச் சொல். அதுவும் கடற்கரை ரிசார்ட் வேண்டாம், நம்மைப் போல டியூப் லைட்டும் ஹோமப் புகையும் உள்ள மண்டபத்துக் கல்யாணம். ரிசப்ஷனில் மேடைக்குப் பின்னால் எல்ஈடி திரை வைக்கப்போகிறீர்களா? அந்த வெளிச்சம் முகத்தில் அடித்தால் எல்லோரும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிடுவார்கள். அதை எப்படிச் சமாளிக்கிறான் என்பதைப் பார்த்தாலே ஆளின் திறமை தெரிந்துவிடும்.

இன்னொன்று, பேசுகிறவனே வருவானா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள். ஒருவர் வேலையைப் பார்த்து அட்வான்ஸ் கொடுப்போம், முகூர்த்தத்தன்று வேறு ஒரு பொடியன் வந்து நிற்பான். என் மச்சினன் வீட்டில் அப்படித்தான் ஆனது. கேமராவில் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகிறதா என்றும் கேள். ஒரு கார்டு கெட்டுப்போனால் இன்னொரு தாலியா கட்ட முடியும்?

அதற்காக மேடைக்குப் பழைய ஸ்டைல் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிடாதே. நான் செய்த தப்பு அதுதான். ஆயிரத்துச் சொச்சம் படத்தில் என் பெரிய மாமா குடும்பம் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. மாமா பாயசம் குடிக்கிற படம் மட்டும் ஒன்று இருக்கிறது, மீசையில் சேமியாவோடு. படம் என்னவோ அருமைதான், ஆனால் மாமா இன்னும் என்னோடு பேசவில்லை. ஆகவே மேடைக்கு ஒருவர், சும்மா சுற்ற ஒருவர், இருவரும் ஒரே குழுவாக இருக்கட்டும். தனித்தனியாகப் பிடித்தால் ஒருவர் படத்தில் மற்றவர் முதுகுதான் விழும். யார் யாரைச் சேர்த்து எடுக்கவேண்டும் என்று தங்கச்சியை ஒரு தாளில் எழுதச் சொல், அதை உறவு தெரிந்த பையன் ஒருவன் கையில் கொடுத்து போட்டோக்காரரோடு நிறுத்து.

ஒப்பந்தத் தாளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. நம் வக்கீல் மாப்பிள்ளை சொன்னது: 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அந்த ‘வேறு விதம்’ பொடி எழுத்தில் கடைசிப் பக்கத்தில் இருக்கும். பாப்பா படத்தை அவர்கள் விளம்பரத்துக்குப் போடலாமா கூடாதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். பணத்தையும் மொத்தமாகக் கொடுத்துவிடாதே, ஆல்பம் வரும்வரை ஒரு பங்கை நிறுத்திவை. எனக்கு ஆல்பம் ஆடியில்தான் வந்தது.

அப்புறம், அந்தப் பிள்ளைகளுக்கு முதல் பந்தியிலேயே டிபன் போடச் சொல். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவர்கள்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி நகைப் பையை உன்னிடம் கொடுத்தேனே, விடிய விடியக் கண்ணே மூடவில்லை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாயே, அந்த ராத்திரி எடுத்தது. ஜமக்காளத்தில் மல்லாந்து படுத்திருப்பது நீதான். வாய் திறந்திருக்கிறது. பை உன் தலைமாட்டில்கூட இல்லை, காலடியில் கிடக்கிறது.

உன்,
மணி