நஞ்சு பிரியும் முன் தொப்புள்கொடியை இழுக்காதீர்கள்: வடசென்னை பிரசவ மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் சின்னதாகப் பிரசவ மருத்துவமனை நடத்தும் டாக்டர்களுக்கும், அங்கே ராத்திரி டூட்டி பார்க்கும் சிஸ்டர்களுக்கும் வணக்கம்.

என் தங்கைக்கு உங்கள் இடம் மாதிரி ஒன்றில்தான் இரண்டாவது பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்து, வெளியே நாங்கள் சாக்லேட் கொடுத்துக்கொண்டிருந்தோம். உள்ளே நஞ்சு, அதாவது கர்ப்பப்பையில் ஒட்டியிருக்கும் பிளசென்டா, வரத் தாமதமாகிறது என்று ஒருவர் மேல்வயிற்றை அமுக்க, இன்னொருவர் கொடியைப் பிடித்து இழுத்திருக்கிறார். மஞ்சப்பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புவோமே, அப்படிக் கர்ப்பப்பையே புரண்டு நஞ்சோடு வெளியே வந்துவிட்டது. போன ரத்தம் கொஞ்சம்தான், ஆனால் பிரஷர் இறங்கி, நாடி மெதுவாகி, பேசிக்கொண்டிருந்தவள் மயங்கிவிட்டாள். துணியைச் சுற்றி ஆம்புலன்ஸில் ஏற்றி ராயபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது.

பிழைத்துவிட்டாள். மயக்க மருந்து கொடுத்துத்தான் கர்ப்பப்பையை உள்ளே தள்ள முடிந்தது, ரத்தமும் ஏற்றினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: இது பல ஆயிரம் பிரசவத்தில் ஒன்றில் வருவது, வந்தால் முதல் சில நிமிடங்கள்தான் எல்லாமே. நேரமாக ஆக கர்ப்பப்பையின் வாய்ப்பகுதி இறுகிவிடும், அப்புறம் கை நுழையாது. அதனால் பார்த்தவுடனேயே உள்ளங்கையால் மேல்நோக்கித் தள்ளி உள்ளே அனுப்ப வேண்டும், கூடவே ஆளைக் கூப்பிட்டு இரண்டு கையிலும் ட்ரிப்ஸ். ஒட்டியிருக்கும் நஞ்சை அப்போது பிய்க்கவே கூடாது, ரத்தம் கொட்டும். கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் மருந்து ஓடினால் நிறுத்த வேண்டும், கர்ப்பப்பை இடத்துக்குப் போன பிறகுதான் அது. கையால் முடியாவிட்டால் வெதுவெதுப்பான சலைனை உயரத்திலிருந்து பிறப்புறுப்புக்குள் ஓடவிட்டு அந்த அழுத்தத்தில் ஏற்றும் முறை 1945லேயே எழுதப்பட்டிருக்கிறது. அதுவும் முடியாதபோதுதான் ஆபரேஷன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதில் எனக்குக் கோபம் இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஒரு முறையாவது உள்ளே தள்ளிப் பார்த்திருக்கலாமே, அதுதான் மனசு ஆறவில்லை.

கொடி தானாக நீண்டு, கர்ப்பப்பை உருண்டு கெட்டியாகி, நஞ்சு பிரிந்தது தெரிகிறவரை இழுக்காதீர்கள். பிறகு இழுக்கும்போதும் இன்னொரு கை அடிவயிற்றில் கர்ப்பப்பையைத் தாங்கியிருக்கட்டும். மாதம் ஒரு நாள் எல்லா சிஸ்டர்களையும் ஆயாக்களையும் கூப்பிட்டு, ஒரு துணிப்பையை வைத்தாவது இதைச் செய்து காட்டுங்கள்.

தங்கை கேட்கச் சொன்னது ஒன்றுதான்: கொடியை இழுத்த அந்தச் சின்னப் பெண்ணுக்கு இதை யாராவது எப்போதாவது சொல்லிக்கொடுத்தார்களா?